கியூ, ஸெட், எக்ஸ், ஜே: ஸ்கிராபிளுக்குக் குட்டிச் சொற்கள் பொருளோடு வேண்டும்

மாலைவகுப்பு_சிப்புட் எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்பில், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆங்கில ஸ்கிராபிள் ஆட்டம் சொல்லித் தருகிறோம். எல்லாரும் ஆண்டு 4 முதல் 6 வரை படிப்பவர்கள். சாதாரணச் சொற்களை நன்றாகவே வைக்கிறார்கள். ஆனால் கியூ, ஸெட், எக்ஸ், ஜே நான்கில் ஒன்று கைக்கு வந்துவிட்டால் போதும், ஆட்டம் அப்படியே நின்றுபோகிறது. கியூவைக் கையில் வைத்துக்கொண்டு யூ வரும், யூ வரும் என்று கடைசிவரை காத்திருக்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் வெறும் சொற்கள்தான் இருக்கின்றன. பொருள் இல்லாமல் மனப்பாடம் செய்தால் பிள்ளைகளுக்கு மனத்தில் ஒட்டுவதில்லை. இரண்டு முதல் நான்கு எழுத்துவரை உள்ள சொற்கள் பொருளோடு வேண்டும். எதற்குப் பின்னால் எஸ் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்பதும் வேண்டும். மலாய்ச் சொற்களும் சில செல்லும் என்கிறார்களே, எவை? கைப்பேசி ஆட்டத்தில் செல்லாத சொல்லைப் போட்டியில் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று பெற்றோர் ஒருவர் கேட்கிறார். அதற்கும் விளக்கம் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பலகைக்காரன் எழுதியது:

வணக்கம் டீச்சர். பெற்றோர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல் செல்லுமா செல்லாதா என்பது எந்த அகராதியை வைத்து ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பட்டியல். நம் மலேசியாவிலும் மற்றப் பெரும்பாலான நாடுகளிலும் போட்டிக்குக் காலின்ஸ் பட்டியல். காலின்ஸ்தான் பெரியது. அதன் 2019 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 127 இருந்தன. அமெரிக்கப் பட்டியலில் அப்போது 107. கைப்பேசி ஆட்டங்கள் பல அமெரிக்கப் பட்டியலில் ஓடுகின்றன. ஆட்டத்தின் செட்டிங்கில் அகராதியை மாற்ற வழி இருந்தால் காலின்ஸுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

இங்கே ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே எழுதுகிறேன். நான்காம் எழுத்து ‘டி’, இருபதாம் எழுத்து ‘ட்டீ’. இரண்டாம் எழுத்து ‘பி’, பதினாறாம் எழுத்து ‘ப்பீ’. இப்படிப் பிரித்துக்கொண்டால்தான் சொல் மாறாது.

முதலில் கியூ. பையில் இருக்கும் 100 காயில் கியூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10. யூ நான்குதான். ஐ ஒன்பது. எதற்குக் காத்திருந்தால் லாபம் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. கியூவும் ஐயும் சேர்ந்தால் ஒரு முழுச் சொல்: கியூ-ஐ. உச்சரிப்பு ‘சீ’. சீன மருத்துவத்தில் உடம்புக்குள் ஓடும் உயிர்ச்சக்தி. நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் சீனப் பெரியவர்கள் சீகோங் செய்கிறார்களே, அந்தச் ‘சீ’தான் இது. பெயர்ச்சொல், ஆகவே கியூ-ஐ-எஸ் செல்லும். இந்த ஒரு சொல் தெரிந்தால் கியூ சிக்கலில் பாதி தீர்ந்தது.

அடுத்து கியூ-ஏ-ட்டீ. ‘காத்’ என்பார்கள். ஏமன், எத்தியோப்பியா பக்கம் இலையை மென்று உற்சாகம் தேடும் செடி. எஸ் போடலாம். எஸ்-யூ-கியூ என்றால் அரபு நாட்டுச் சந்தை. இதில் யூ இருந்தாலும் கியூவுக்கு முன்னால் வருகிறது. பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை.

யூ இருந்தால் கியூ-யூ-ஏ. ‘அந்த முறையில், அந்தப் பொறுப்பில்’ என்ற பொருள் தரும் சொல். இதற்கு எஸ் கிடையாது. ஆனால் பின்னால் டி சேர்க்கலாம், ஒய் சேர்த்தால் படகுத்துறை, முன்னால் ஏ சேர்த்தால் நீர்.

கியூ-ஐ-யில் எவ்வளவு புள்ளி எடுக்கலாம் என்பதைப் பலகையிலேயே காட்டுங்கள். ட்டீ-ஏ-எக்ஸ்-ஐ, அதாவது டாக்ஸி, மேலிருந்து கீழாக ஏழாவது நெடுவரிசையில் 3ஆம் வரிசை முதல் 6ஆம் வரிசை வரை இருக்கிறது என்று வையுங்கள். கடைசி எழுத்து ஐ. அதற்கு இடப்பக்கத்துக் கட்டம் டிரிபிள் லெட்டர், அதாவது வைக்கும் எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம். கியூவை அங்கே வைத்து, கியூவுக்கு நேர் கீழே கையிலிருக்கும் ஐயை வைக்க வேண்டும். குறுக்கே ஒரு கியூ-ஐ, நெடுக்கே ஒரு கியூ-ஐ. கியூ மூன்று மடங்காகி 30, அதோடு ஐ 1, ஆக 31. இரண்டு பக்கமும் எண்ணப்படுவதால் 62. இரண்டே காயில் 62 புள்ளி!

இதில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் மூன்று. கியூவுக்கு மேலேயோ இடப்பக்கமோ, டாக்ஸியின் ஐக்கு வலப்பக்கமோ ஏற்கெனவே காய் இருந்தால் சொல் நீண்டு தப்பாகிவிடும். சுற்றியுள்ள நான்கு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டிரிபிள் கட்டம் காய் வைக்கும் அந்த ஒரு முறைக்குத்தான் பலன் தரும். பிறகு அதே கியூவைத் தொட்டு வேறு சொல் வைத்தால் வெறும் 10தான். எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் காயான பிளாங்க் காயைக் கியூவாக வைத்தால் அதன் மதிப்பு சுழி, மூன்றால் பெருக்கினாலும் சுழியே.

---

கித்தாமரம் எழுதியது:

மலாய்ச் சொற்களைப் பற்றி நான் எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. பள்ளியில் மலாய் படிப்பதால் பொருள் ஏற்கெனவே தெரியும், ஆங்கில எழுத்துக்கூட்டை மட்டும் கற்றால் போதும்.

அரபியிலிருந்து மலாய்க்கு வந்தபோது இந்தச் சொற்களில் கே வந்தது. ஆங்கிலப் பட்டியலில் அதே இடத்தில் கியூ நிற்கிறது. காடி, அதாவது ஷரியா நீதிபதி: கியூ-ஏ-டி-ஐ. வக்காஃப், அதாவது அறக்கொடை நிலம்: டபிள்யூ-ஏ-கியூ-எஃப். ஐந்தெழுத்தில் ஃபக்கீர்: எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர். தலாக்: ட்டீ-ஏ-எல்-ஏ-கியூ. தொழும் திசையைக் குறிக்கும் கிப்லாட் ஆங்கிலத்தில் கியூ-ஐ-பி-எல்-ஏ. கடைசி ட்டீ கிடையாது, மலாய்ப் பழக்கத்தில் அதைச் சேர்த்துவிடுவார்கள், கவனம். பலகையில் யாராவது கியூ-ஐ வைத்திருந்தால் அதையே பி-எல்-ஏ சேர்த்து நீட்டலாம். இவற்றில் காடி, ஃபக்கீர், தலாக் மூன்றையும் கியூ இல்லாமல் கே வைத்து எழுதினாலும் காலின்ஸ் ஏற்கும்.

ஹஜ்: எச்-ஏ-ஜே. இதற்கு எஸ் மட்டும் போட்டால் செல்லாது, ஈ-எஸ் போட வேண்டும். ஐ சேர்த்தால் ஹாஜி, இன்னொரு ஜே சேர்த்தாலும் சரி (அப்போது அந்த இரண்டாம் ஜே பிளாங்க் காயாகத்தான் இருக்க முடியும், பையில் ஜே ஒன்றுதான்).

நம் ஊர்ப் பொருள்களில் எஸ்-ஈ-என், நாம் செலவழிக்கும் சென். ப்பீ-ஏ-டி-ஐ, நெல். ஏ-ட்டீ-ஏ-ப்பீ, அத்தாப்பு. கே-ஆர்-ஐ-எஸ், கிரிஸ் கத்தி. மலாயில் கேக்கும் ஆருக்கும் நடுவே ஈ வரும், இங்கே அது வேண்டாம். நம் சமையலறையிலிருந்து ஐ-டி-எல்-ஐ, டி-ஓ-எஸ்-ஏ, ஆர்-ஓ-ட்டீ-ஐ. பருப்பு டி-ஏ-எல், நெய் ஜி-எச்-ஐ. கை நிறைய ஐ சேர்ந்துவிட்டால் இட்லி நல்ல வடிகால்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். யூ-எல்-யூ செல்லும், ஆனால் நாம் உள்காட்டுப் பகுதியைச் சொல்லும் ‘உலு’ அல்ல அது. வடதுருவப் பக்கத்து இனுயிட் பெண்கள் தோல் சீவவும் இறைச்சி அறுக்கவும் பயன்படுத்தும் பிறை வடிவக் கத்தி. பெயர்ச்சொல், எஸ் போடலாம். இரண்டு யூ கையில் மாட்டிக்கொள்ளும்போது இது பெரிய உதவி.

தோட்டத்துச் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். பால்மரத்துப் பால் எல்-ஏ-ட்டீ-ஈ-எக்ஸ். செம்பனைக்குப் போடும் உரம் யூ-ஆர்-ஈ-ஏ: நான்கு எழுத்தில் மூன்று உயிர். உரமூட்டையில் அச்சடித்திருப்பதையே பிள்ளைகளிடம் காட்டலாம்.

---

சொல்வேட்டை_கப்பார் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. போட்டியில் யாரும் பொருள் கேட்பதில்லை. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாமல், சொற்பட்டியலை மனத்தில் ஏற்றியே வென்றார். அப்படியிருக்க, பொருளுக்கு நேரம் செலவழிப்பதைவிடச் சொற்களை எழுத்து வரிசைப்படி அடுக்கி மனப்பாடம் செய்வது விரைவான வழி.

---

பலகைக்காரன் எழுதியது:

அவருடைய நினைவாற்றலை ஆண்டு 5 பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது, கப்பார் அண்ணே. பொருளுக்கு ஆட்டத்திலேயே வேலை இருக்கிறது. சொல் பெயரா, வினையா, வெறும் ஒலிக்குறிப்பா என்று தெரிந்தால்தான் எஸ் செல்லுமா என்று ஊகிக்கலாம். பட்டியல் மறந்துபோன நேரத்தில் கைகொடுப்பது அதுதான்.

எச்-எம், எம்-எம், எஸ்-எச், எஸ்-ட்டீ நான்கும் வாயால் எழுப்பும் ஒலிகள். யோசிக்கும்போது, ருசிக்கும்போது, சத்தம் போடாதே என்னும்போது வருபவை. ஒலிக்குப் பன்மை ஏது? எஸ் சேர்த்தால் நான்கும் தப்பு. ஆனால் முன்னால் சேர்க்கலாம்: எச்-எம்முக்கு முன் ஓ வைத்தால் மின்தடையின் அலகான ஓம், எஸ்-எச்சுக்கு முன் ஏ வைத்தால் சாம்பல், எஸ்-ட்டீக்கு முன் ப்பீ வைத்தால் கூப்பிடும் ஒலி. ட்டீ-எஸ்-கே என்ற ‘ச்சூ’ ஒலி மட்டும் விலக்கு. அது வினையாகவும் வழங்குவதால் எஸ் ஏற்கும்.

எக்ஸ் குடும்பத்தைப் பாருங்கள். ஏ-எக்ஸ் கோடரி, ஓ-எக்ஸ் காளை, ஈ-எக்ஸ் முன்னாள் துணை. மூன்றுக்கும் நேராக எஸ் போட்டால் தப்பு, ஈ-எஸ் வேண்டும். காளைக்கு ஈ-என்னும் உண்டு. எக்ஸ்-ஐ கிரேக்க நெடுங்கணக்கின் பதினான்காம் எழுத்து, இதற்கு எஸ் போடலாம். ரோமன் எண் பதினொன்று என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அப்புறம் பிள்ளைகள் பன்னிரண்டையும் வைப்பார்கள், ரோமன் எண் எதுவும் செல்லாது. எக்ஸ்-யூ வியட்நாமின் சில்லறைக் காசு. ஏ-எக்ஸ், ஓ-எக்ஸ் இரண்டுக்கும் முன்னால் சேரும் எழுத்துகள் நிறைய: வரி, மெழுகு, பெட்டி, நரி எல்லாம் அப்படி வருபவைதான், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாதது ப்பீ-ஒய்-எக்ஸ்: கத்தோலிக்க ஆலயத்தில் திருவிருந்து அப்பம் வைக்கும் சிறு பேழை. உயிர் எழுத்தே இல்லாமல் 15 புள்ளி.

ஸெட்டில் இரண்டெழுத்து மூன்று. ஸெட்-ஏ பீட்சாவின் செல்லச் சுருக்கம். ஸெட்-ஓ இமயமலைப் பக்கம் யாக் எருமைக்கும் மாட்டுக்கும் பிறக்கும் கலப்பினம். முன்னால் டி சேர்த்தும் எழுதலாம். ஸெட்-ஈ, ஆண் பெண் பிரிக்காமல் ஒருவரைச் சுட்டும் பெயர், 2019இல் சேர்ந்தது. ஸெட்-ஓவும் ஸெட்-ஈயும் காலின்ஸில் மட்டும். பெற்றோர் கேட்டது பெரும்பாலும் இந்த மாதிரிச் சொல்லாகத்தான் இருக்கும். கியூ-ஐ, ஸெட்-ஏ இரண்டையும் அமெரிக்கப் பட்டியலும் 2006இலேயே ஏற்றுக்கொண்டது. ஸெட்டோடு எக்ஸும் சேர்ந்து வந்துவிட்டால் ஸெட்-ஏ-எக்ஸ்: கூரைக்குப் போடும் கற்பலகையை வெட்டும் கருவி, 19 புள்ளி. ஏ-டி-ஸெட்-ஈ என்றால் தச்சர் மரம் செதுக்கும் வாய்ச்சி.

ஜேக்கு ஜே-ஓ, ஸ்காட்லாந்து வழக்கில் அன்புக்குரியவர். ஜே-ஏ, ‘ஆம்’ என்பது, இதுவும் காலின்ஸில் மட்டும். இந்த இரண்டுக்கும் பின்னால் பி, டபிள்யூ, ஒய், ட்டீ என்று பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள், வேலை, தாடை, மகிழ்ச்சி எல்லாம் வரும்.

---

உயிர்மெய் எழுதியது:

வி-யை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வி சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. டிவி செல்லாது, தலைப்பெழுத்துச் சுருக்கம் எதையும் வைக்கக் கூடாது. சி-க்கும் சி-எச் ஒன்றுதான், அதுவும் காலின்ஸில் மட்டும். அதனால் வி இருக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டி இன்னொரு சொல் வைப்பது கடினம். முன்னணியில் இருக்கும்போது எதிராளிக்கு இடம் கொடுக்காமல் இருக்க இது உதவும். வி கையில் சிக்கினால் மூன்றெழுத்து: வி-ஐ-ஈ போட்டியிடு, ஓ-வி-ஏ கருமுட்டைகள் (ஏற்கெனவே பன்மை, எஸ் கிடையாது), வி-யூ-ஜி பாறைக்குள் இருக்கும் சிறு பொந்து.

கை முழுக்க உயிர் எழுத்தாக வந்தால் ஏ-ஏ ஹவாய்த் தீவின் சொரசொரப்பான எரிமலைக் குழம்பு, ஏ-ஐ தென்னமெரிக்காவின் மூன்று விரல் தேவாங்கு போன்ற சோம்பேறி விலங்கு, ஓ-ஈ ஃபாரோ தீவுப் பக்கத்துச் சுழல்காற்று. மூன்றும் பெயர், மூன்றும் எஸ் ஏற்கும். ஓ-ஈக்கு முன்னால் ட்டீ வைத்தால் கால்விரல், எஃப் வைத்தால் பகைவர், எச் வைத்தால் களைக்கொத்தி. தலைகீழாக உயிரே இல்லாவிட்டால் சி-டபிள்யூ-எம், வேல்ஸ் மலைச்சரிவில் கிண்ணம் போல் குடைந்த பள்ளத்தாக்கு, உச்சரிப்பு ‘கூம்’.

---

மாலைவகுப்பு_சிப்புட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இதை வகுப்பில் எப்படிப் பழக்குவது? கடைசி நேரத்தில் கியூ வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

---

பலகைக்காரன் எழுதியது:

மணிலா அட்டையைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் நடுவில் சொல், அதன் இடப்பக்கம் முன்னால் சேரும் எழுத்துகள், வலப்பக்கம் பின்னால் சேரும் எழுத்துகள். எஸ் சேராத சொல்லுக்கு வலப்பக்கம் எஸ்ஸைச் சிவப்பில் எழுதி அடித்துவிடுங்கள். பின்பக்கம் தமிழில் பொருள், பெயரா வினையா ஒலியா என்ற குறிப்பு. ஒரு வகுப்புக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். அடுத்த வகுப்பில் பழைய ஐந்தைக் கேட்டுவிட்டுத்தான் புதியது. ஒத்த சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள்; ஸெட்-ஏ, ஸெட்-ஓ, ஸெட்-ஈ மூன்றும் ஒன்றாக வந்தால் பொருள் இடம் மாறிவிடும்.

கியூவுக்கு ஒரு பயிற்சி: பையிலிருந்து நான்கு யூவையும் எடுத்துவிட்டு ஆடவிடுங்கள். பழக்கத்தால் யூவைத் தேடும் கண் தானாக ஐ பக்கம் திரும்பும். யார் கையிலும் கியூ வராமல் ஆட்டம் முடிந்துவிடாதபடி, கியூவை முதலிலேயே எடுத்து ஒரு பிள்ளையின் ஏழு காயில் ஒன்றாகக் கொடுத்துவிடலாம்.

கடைசி நேரத்துக் கியூ பற்றி. காய் மாற்ற வேண்டுமானால் பையில் குறைந்தது ஏழு காய் இருக்க வேண்டும். மாற்றினால் அந்த முறைக்குப் புள்ளி கிடையாது. ஆகவே பையில் பத்துப் பன்னிரண்டு காய் இருக்கும்போதே பிள்ளை பலகையைப் பார்க்க வேண்டும்: ஐ ஒன்று திறந்த இடத்தில் இருக்கிறதா, கையில் ஐ இருக்கிறதா, வெளியே வராத ஐ எத்தனை? மூன்றும் சாதகமாக இல்லையென்றால் அப்போதே மாற்றிவிடட்டும். ஏழுக்குக் கீழே போய்விட்டால் மாற்ற வழி இல்லை. கியூ கையில் நிற்கும்போது எதிராளி முடித்துவிட்டால், வீட்டு விதிப்படி இவருக்கு 10 குறைந்து அவருக்கு 10 கூடும். போட்டி விதியில் முடித்தவருக்கே 20 சேரும். எப்படிப் பார்த்தாலும் 20 புள்ளி வித்தியாசம்.

எதிராளி வைத்த சொல்லில் சந்தேகம் இருந்தால் சேலஞ்ச் செய்யலாம். சொல் தப்பு என்றால் காயை எடுத்துக்கொண்டு அந்த முறையை இழப்பார். சரி என்றால் சேலஞ்ச் செய்தவருக்குத் தண்டம், போட்டிக்குப் போட்டி மாறும், 5 அல்லது 10 புள்ளி. ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரிடம் எந்த விதி, எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் டீச்சர்.